கோபத்துக்கு இரண்டு விரல்

வில் மைதானத்துக்கு வருகிற எல்லாருக்கும் அவள் அளவக்காதான். அறுபது தாண்டிய கண் டாக்டருக்கும் அக்கா, அந்த டாக்டரின் மருமகளுக்கும் அக்கா. அம்பு வேண்டுமென்றால் அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும். வில்லை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டு, பல் பிடுங்க வந்தவளைப் போலத் தாடையை மேலும் கீழும் பார்ப்பாள்.

அவள் பார்ப்பது ஒன்றைத்தான். நாணை இழுத்த கை முகத்தில் எங்கே வந்து நிற்கிறது? ஆள்காட்டி விரல் நுனி வாயோரத்தைத் தொட வேண்டும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, தாடை எலும்புக்கு அடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நூறு முறை இழுத்தாலும் நூறு முறையும் அதே இடம். மைதானத்தில் இதற்கு ‘நிலை’ என்று பெயர். கை நிலையில் நிற்கும்போது அம்புக்குச்சி வில்லைத் தாண்டுகிற இடத்தில் அளவக்கா பென்சிலால் ஒரு கோடு போடுவாள். ஆனால் கோட்டிலேயே வெட்ட மாட்டாள். கோட்டுக்கு வெளியே தன் இரண்டு விரலைச் சேர்த்து வைத்து, அதற்கும் அப்பால்தான் ரம்பத்தை வைப்பாள்.

“எதுக்குக்கா இந்த ரெண்டு விரல்?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள்.

“கோபத்துக்கு,” என்பாள்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். இது சிரிக்கிற விஷயமில்லை. நிதானமாக இருக்கும்போது மனுஷன் இழுக்கிற இழுப்பு வேறு, கடுப்பில் இழுக்கிற இழுப்பு வேறு. கடுப்பு ஏறினால் கை நிலையில் நிற்காது. வாயோரத்தைத் தாண்டிக் காது பக்கம் போய்விடும். அம்பு மட்டும் கோட்டோடு வெட்டியதாக இருந்தால், அதன் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில்லைப் பிடித்திருக்கிற கையின் மேலேயே விழும். அந்த நேரம் பார்த்து நாணை விட்டால் அம்பு பலகைக்குப் போகாது. விட்டவனுடைய கைக்குள் போகும். அப்படிப் போன ஒருவரின் கையை அளவக்கா சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். அதனால் மைதானத்தில் யாருக்கும் அந்த இரண்டு விரலை அவள் குறைத்ததில்லை.

அளவு அவளுக்குச் சும்மா வந்த வித்தை இல்லை. அடி வாங்கி வந்தது. அப்பா தச்சர். நாற்காலிக் கால், மேசைக் கால் கடைவார். கூடவே மைதானத்துக்கு அம்புக்குச்சியும் சீவிக் கொடுப்பார். அவரிடம் மூன்றடி நீளத்தில் ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது. அளக்கவும் அதுதான், அடிக்கவும் அதுதான். குச்சி ஒரு நூல் குறைந்தால் விரல் மூட்டில் ஓர் அடி. இரண்டு நூல் குறைந்தால் இரண்டு. கணக்கில் மனிதர் அவ்வளவு நேர்மை. ஒருநாள் ஒரு டஜன் குச்சியும் அரை விரல் குறைந்துபோக, ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் நெற்றியில் போட்டார். இரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க, அடுத்த டஜனை வெட்டி முடித்துவிட்டுத்தான் அவள் முகம் கழுவினாள். அந்த டஜனில் ஒன்றுகூடப் பிசகவில்லை. நெற்றியில் அந்த வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது.

செய்த அம்பை எய்து பார்க்க ஆள் வேண்டும். அந்த வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. பதினாறு வயதில் வில்லை எடுத்தவளுக்குக் கை போய் நிலையில் அப்படியே பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. நாற்பது அடி தள்ளி வைக்கோல் பலகை. பலகையின் நடுவில் யாருடைய முகத்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அம்பு ஒன்றுகூட வீணாகவில்லை.

மைதானத்தில்தான் ஒரு டயர் கடைக்காரனைப் பார்த்தாள். அவனை ‘அவன்’ என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை வேண்டுமென்றால் அவன் நடந்துகொண்ட விதத்தில் அதைத் தேடியிருக்க வேண்டும். லாரி டயரை ஒற்றைக் கையால் உருட்டுகிறவன், வேறு யாரும் முக்கால்கூட இழுக்க முடியாத வில்லை முழுசாக இழுக்கிறவன். சிரித்தால் நன்றாகவும் இருப்பான். யாரும் பிடித்துத் தள்ளவில்லை. அவள் ஆசைப்பட்டுத்தான் கட்டிக்கொண்டாள். அப்பாவின் ஸ்கேலில் இருந்து தப்பித்தால் போதும் என்ற ஆசையும் அதில் பாதி.

கல்யாணமான முதல் வருஷம் மைதானத்தில் போட்டி. இரண்டு சுற்று வரைக்கும் அவன்தான் முதலில் இருந்தான். மூன்றாவது சுற்றில் யாரோ பின்னாலிருந்து இருமிவிட்டார்கள், அவ்வளவுதான். ஆத்திரம் ஏறிவிட்டது. அடுத்த நான்கு அம்பும் பலகைக்கு மேலே பறந்து மதிலில் முட்டி உடைந்தன. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மூக்கில் தெரியும். அவனுக்குக் கட்டைவிரலில் தெரியும். தாடைக்கு அடியில் மடங்கிக் கிடக்க வேண்டிய விரல் மெல்லக் கழன்று, எலும்பைத் தாண்டி, காது மடலுக்குப் பின்னால் போய் நிமிர்ந்து நிற்கும். அளவக்கா அதைப் பார்த்துவிட்டாள். புருஷன் ஜெயிக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், வெள்ளந்தியாக, எல்லார் காதிலும் விழும்படி சொல்லியும் விட்டாள்.

“என்னங்க, உங்க கட்டைவிரல் ஏறுது. கோபத்துல காதுக்குப் போயிடுது பாருங்க.”

மைதானம் கொல்லென்று சிரித்தது. அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அடுத்த சுற்றில் அவள் எய்தாள், அவனைவிட ஏழு புள்ளி கூடுதலாக எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளை நேரே கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு முற்றம், முற்றத்தின் மூலையில் அவளுடைய பட்டறை. பட்டறை மேசையில் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு இடுக்கி ஒன்று உண்டு. அவளுடைய வலது கையைப் பிடித்து, கட்டைவிரலை அந்த இடுக்கிக்குள் வைத்து, கைப்பிடியைத் திருகினான். ஒரே திருகில் இல்லை. நின்று நின்று திருகினான். ஒவ்வொரு திருகுக்கும், “எது ஏறுது? சொல்லு. எது ஏறுது?” என்று கேட்டான். நகம் பிளந்தது. எலும்பு நொறுங்குகிற சத்தம் அவளுக்கே கேட்டது. “எதுவும் ஏறலைங்க” என்று அவள் பதினோரு முறை சொன்ன பிறகுதான் கைப்பிடியை மறுபக்கம் திருப்பினான். பிறகு கடைக்குப் போய் ஒரு வேனுக்குப் பஞ்சர் ஒட்டினான்.

விரல் தட்டையாக, மடங்காத விரலாக ஆறியது. வில்லை இழுத்தால் அது ஆணி மாதிரித் தாடையில் குத்தும். கை நிலையில் நிற்காது. அவள் எய்வது அன்றோடு முடிந்தது. மீதமிருந்தது அளப்பதும் வெட்டுவதும்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் எழுதினால் படிக்கிற உங்களுக்கே கை வலிக்கும். டயர் கழற்றுகிற கடப்பாரையால் முதுகில் வாங்கியது ஒன்று. கடைவாய்ப் பல் இரண்டு போனது ஒன்று. மகள் வயிற்றில் இருந்தபோது படிக்கட்டில் இழுத்துப் போட்டது ஒன்று. இதற்கு நடுவில் அவள் ஒரு வித்தை கற்றுக்கொண்டாள். அவன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பது. சாப்பிடும்போது, பேப்பர் படிக்கும்போது, போனில் பேசும்போது அந்த விரல் மடங்கியிருந்தால் வீடு பிழைத்தது. நிமிர ஆரம்பித்தால் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள், குரலைத் தாழ்த்துவாள், தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள், அவன் சொன்னதுதான் சரி என்பாள். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரு விரலைக் கீழே இறக்குவதுதான் அவளுடைய முழுநேர வேலை. அம்பு வெட்டியது மிச்ச நேரத்தில்.

வருஷா வருஷம் போட்டிக்கு முன்னால் அவனுக்கு ஒரு டஜன் புது அம்பு வேண்டும். மைதானத்தில் எல்லாருக்கும் முன்னால் வில்லை இழுத்து நின்று, அவள் கோடு போட்டதும் அவன் சொல்வது ஒரே வசனம்.

“எனக்கு இந்தக் கோபத்து விரல் எல்லாம் வேணாம். கோட்டோட ஒட்ட வெட்டு. குட்டை அம்புதான் வேகமாப் போகும்.”

“சரிங்க,” என்பாள். பட்டறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் விட்டு வெட்டுவாள். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இரும்பு முனைக்கானது என்று சொல்லிவைத்திருந்தாள். அவன் நம்பினான். அம்பைக் கையில் வாங்கியதும் அவன் பார்ப்பது இறகின் நிறத்தைத்தான். ‘எல்லாரும் பயந்தாங்கொள்ளிகள், நான் மட்டும்தான் ஒட்ட வெட்டிய அம்பு எய்கிறேன்’ என்று அவன் மைதானம் பூராவும் தம்பட்டம் அடித்துக்கொண்டு திரிந்தபோது, அவன் கையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அவள் திருட்டுத்தனமாக விட்ட இரண்டு விரல்.

ஏன் காப்பாற்றினாள் என்று கேட்டால் அவளிடமே பதில் இருக்காது. பயம் என்று சொல்லலாம். கை போனால் கடை போகும், கடை போனால் ஆத்திரம் இன்னும் ஏறும். அதோடு, தெரிந்தே ஓர் அம்பைத் தப்பாக வெட்ட அவளுக்குக் கை வராது.

மகளுக்கு இருபத்தியொரு வயது. நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். இன்னொரு ஊரில், ஆறு மணி நேரப் பயணத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. தங்க விடுதியும் உண்டு. கடிதத்தை அம்மாவிடம் காட்டினாள்.

“எப்படியாவது போயிடணும்மா. இங்க இருந்தா ஒரு நாள் என்னையும் கொன்னுடுவாரு,” என்றாள் மகள்.

“போயிடு. ஞாயித்துக்கிழமை பத்து மணி பஸ். அன்னிக்குப் போட்டி, அவர் எட்டு மணிக்கே மைதானத்துக்குப் போயிடுவார்,” என்றாள் அளவக்கா.

ஆனால் கடிதம் அவன் கையில் சிக்கியது. அவன் கத்தவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. வில்லை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். மகள் குட்டியிலிருந்து வளர்த்த நாய் வாலாட்டிக்கொண்டு எதிரே வந்தது. பத்தடி தூரம். அம்பு கழுத்தில் நுழைந்து மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. நாய் சாக நேரம் பிடித்தது. அவன் உள்ளே வந்து, அதுவரை மகளை ஜன்னல் கம்பியோடு பிடித்து அழுத்தி, முகத்தைத் திருப்பவிடாமல் பார்க்க வைத்தான்.

“நல்லாப் பாத்துக்க. அந்தக் கதவைத் தாண்டினா உனக்கும் இதுதான்,” என்றான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினான். “புது டஜன் வெட்டு. பதினொண்ணு போட்டிக்கு. ஒண்ணு உன் பொண்ணுக்கு.”

அளவக்கா நாயைப் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பன்னிரண்டு குச்சிகளிலும் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது. முதல் குச்சியை இடுக்கியில் மாட்டினாள். கோட்டுக்கு வெளியே வழக்கம்போல இரண்டு விரலை வைத்தாள். வைத்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எடுத்துவிட்டாள். ரம்பத்தைக் கோட்டின் மேலேயே வைத்து அறுத்தாள். இரும்பு முனையையும் அந்த அளவுக்குள்ளேயே அடக்கினாள். பன்னிரண்டையும் அப்படியே முடித்தாள். அப்பாவின் ஸ்கேலை வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசகு கண்டுபிடிக்க முடியாது.

தான் செய்வது என்ன என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. அவன் கோபப்படாவிட்டால் அந்த அம்பு அவனை ஒன்றும் செய்யாது. கோபப்பட்டால் கையைத் துளைக்கும். பெற்ற மகளைப் பார்த்து வில்லை இழுக்கிறவன் கோபத்தில்தானே இழுப்பான்? அதை நம்பித்தான் வெட்டினாள். அன்றைக்கு அவளுக்குப் பயம் இருந்தது, அதோடு சந்தோஷமும் இருந்தது. சந்தோஷம் இருந்ததை நினைத்து வெட்கமும் இருந்தது.

அம்பை வாங்கிய அவன் முற்றத்தில் நின்று ஒரு முறை இழுத்துப் பார்த்தான். முனை வில்லின் விளிம்போடு கச்சிதமாக நின்றது.

“அட! இரும்பு முனைகூட நீட்டல. இந்த வருஷம்தாண்டி உருப்படியா வெட்டியிருக்க,” என்றான். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆனது. அவன் மைதானத்துக்குக் கிளம்பவில்லை. எட்டரை ஆனது. கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினான், முன் வாசலைப் பூட்டினான், இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வெளியே போக முற்றத்தின் பின்கதவு ஒன்றுதான் மிச்சம். அந்தக் கதவுக்கு நேர் எதிரே, முப்பது அடி தள்ளி, ஒரு பழைய லாரி டயர்மேல் உட்கார்ந்துகொண்டான். மடியில் வில். காலடியில் பன்னிரண்டு அம்பு.

ஒன்பது மணிக்கு மகள் பையைத் தூக்கினாள். அளவக்கா அவள் கையைப் பிடித்தாள்.

“இன்னிக்கு வேணாம்டி. இன்னொரு நாள் பாக்கலாம்.”

“இன்னொரு நாள் நான் இருக்க மாட்டேம்மா,” என்றாள் மகள். சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கி நடந்தாள். ஓடவில்லை. நாயைப் புதைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, கதவை நோக்கி நடந்தாள்.

அவன் எழுந்தான். ஓர் அம்பை எடுத்து நாணில் பூட்டினான். பட்டறை வாசலில் நின்ற அளவக்கா, அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கை மெல்லப் பின்னால் வந்தது. ஆள்காட்டி விரல் நுனி வாயோரத்தில் வந்து நின்றது. கட்டைவிரல் மடங்கி, தாடை எலும்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. துளிகூட நடுக்கம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு அழகான நிலையை அவள் அவனிடம் பார்த்ததே இல்லை.

அவன் கோபத்தில் இல்லை. நாயைக் கொன்றபோதும் அவன் கோபத்தில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முடிவு பண்ணிவிட்டு எய்கிறான். இந்த நிலையில் விட்டால், ஒட்ட வெட்டிய அம்பு இன்னும் வேகமாகப் போகும். மகளின் முதுகில் போய் இறங்கும். அதை அந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தது அவள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டைவிரலைக் கீழே இறக்கியவளுக்கு, அதை மேலே ஏற்றவும் தெரியாதா?

“டேய்!” என்றாள்.

அந்த வீட்டில் அதுவரை அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. அவன் கண் அசைந்தது.

“டேய், கட்டைவிரல் ஏறுதுடா!” அளவக்கா சிரித்தாள். வரவழைத்த சிரிப்புதான், ஆனால் தொண்டையிலிருந்து வெளியே வந்ததும் நிஜச் சிரிப்பாகிவிட்டது. இல்லாத பல் தெரியச் சிரித்தாள். “அன்னிக்கு மைதானமே சிரிச்சுதே, மறந்துட்டியா? என் விரலை நசுக்கின. உன் விரலை அடக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு ஆம்பளையாடா?”

வில்லைத் தளர்த்தாமலே அவள் பக்கம் திரும்பினான். முகம் சிவந்து கறுத்தது. தாடைக்கு அடியில் ஒட்டியிருந்த கட்டைவிரல் கழன்றது. எலும்பைத் தாண்டியது. காது மடலுக்குப் பின்னால் போய் நிமிர்ந்தது. கூடவே நாணும் போனது. அம்பின் முனை வில்லின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, வில் பிடித்த கையின் மேல் தொப்பென்று விழுந்ததை அளவக்கா பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. அவன் அவளுடைய சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விட்டான்.

வேறு யாராலும் இழுக்க முடியாத வில். அதன் பலம் மொத்தமும் ஒரு கைக்குள் போனது. அம்பு இடது கட்டைவிரலின் அடியில் நுழைந்து, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, மணிக்கட்டுக்குக் கீழே வெளியே வந்து, பாதியில் ஒடிந்தது. வில் எகிறி அவன் வாயில் அடித்தது. ஒரு கணம் அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பிறகு கையைப் பார்த்தான். கட்டைவிரல் ஒரு தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது அவன் போட்ட சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மகள் பையைப் போட்டுவிட்டு அவனிடம் ஓடினாள். கொல்ல நின்றவனிடம்தான் ஓடினாள். படித்த படிப்பு அப்படி. அளவக்கா குறுக்கே வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“எங்க ஓடுற? பஸ்ஸு பத்து மணிக்கு.”

“அம்மா, ரத்தம் நிக்காதும்மா. நான் நர்ஸும்மா!”

“நர்ஸா இருக்கத்தான் போகச் சொல்றேன். அங்க போய் இரு. இங்க நான் பாத்துக்கிறேன். போடி!” பையை எடுத்து மகள் தோளில் மாட்டினாள், பின்கதவைத் திறந்தாள், முதுகில் கையை வைத்துத் தள்ளினாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

பிறகு அவனிடம் வந்தாள். கடையில் கிடந்த சைக்கிள் டியூப் ஒன்றைக் கத்தியால் நீளமாகக் கிழித்து, முழங்கைக்குக் கீழே சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினாள். அவன் மறு கையால் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவள் டியூபை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள். அவன் பிடி தானாக விட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்து, தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினாள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். மற்ற நான்கு விரலும் இருந்தன, ஆனால் நரம்பு போய்விட்டது. “இனிமே இந்தக் கையால ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது,” என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போலீஸ்காரர் வந்தார். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வருகிறவர்தான். மகளைப் பார்த்து வில்லை இழுத்ததை மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் மேசையில் கிடந்த அம்பு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ரொம்பக் குட்டையா இருக்கேக்கா. எனக்கெல்லாம் ரெண்டு விரல் விட்டுத்தான வெட்டுவீங்க?”

“ஆமா.”

“அவருக்கு ஏன் விடல?”

“அவர் வேணாம்னார். ஒட்ட வெட்டச் சொன்னார். வருஷா வருஷம் எல்லார் முன்னாடியும் சொல்வாரே, நீங்களும் கேட்டிருப்பீங்க.”

கேட்டிருந்தார். மைதானத்தில் கேட்காதவர் யார்? எழுதிக்கொண்டார். ஓர் அம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசலில் கொஞ்சம் தயங்கி நின்று, “நீங்க சாப்பிட்டீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மிச்சமிருந்த பத்து அம்பையும் அளவக்கா முழங்காலில் வைத்து ஒடித்தாள். அடுப்பில் வைத்து வெந்நீர் போட்டாள். தலைக்குக் குளித்தாள். மகளிடமிருந்து போன் வந்திருந்தது. வந்து சேர்ந்துவிட்டேன், ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது, நாளையிலிருந்து வேலை. அளவக்கா பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவன் கண் விழித்துப் படுத்திருந்தான். வலது கையில் கட்டிலோடு சேர்த்து விலங்கு. இடது கை ஒரு பெரிய கட்டுக்குள் இருந்தது. ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்திருப்பான் போலிருக்கிறது. அவள் ஸ்டூலில் உட்காரும்முன்பே கேட்டான்.

“இருபத்திரண்டு வருஷமா ஒட்ட வெட்டின அம்புதான எய்யிறேன். எத்தனை தடவை கோபத்துல இழுத்திருக்கேன். ஒரு தடவைகூட உள்ள வந்ததில்ல. இது மட்டும் எப்படி வந்துச்சு?”

அவள் பிளாஸ்கின் மூடியைத் திறந்து காபியை ஊற்றினாள். தட்டையான கட்டைவிரலால் மூடியைப் பிடிக்கும்போது எப்போதும் கொஞ்சம் சிந்தும். அன்றும் சிந்தியது.

“இருபத்திரண்டு வருஷமும் நீங்க சொன்னதை நான் கேக்கலைங்க. ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டினேன்,” என்றாள். “இந்த ஒரு தடவைதான் கேட்டேன்.”

அவள் பழக்கதோஷத்தில் அவனுடைய கட்டைவிரலைப் பார்த்தாள். விலங்கு மாட்டிய வலது கையில் அது மடங்கிக் கிடந்தது. காபியை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். பட்டறையில் கண் டாக்டரின் மருமகள் அளவு கொடுக்கக் காத்திருந்தாள்.